உள்ளூர் வானொலிக்கு ஊருக்கு வெளியே என்ன வேலை?

எஃப்எம் நிலையங்கள் பிழைக்க ஒரே வழிதான் இருக்கிறதாம்: இணையத்துக்குப் போக வேண்டும், பாட்டு கேட்கும் கூட்டத்தை ஸ்பாட்டிஃபையிடமிருந்தும் யூடியூபிடமிருந்தும் பிடுங்கி வர வேண்டும். விளம்பர முகவர்கள் இதைச் சொல்கிறார்கள், ஊடக ஆலோசகர்கள் சொல்கிறார்கள். நிலைய நிர்வாகிகளும் இப்போது அதையே ஒப்பிக்கிறார்கள். மறுத்துப் பேசுகிறவருக்குப் பழம்பஞ்சாங்கம் என்ற பட்டம் தயாராக இருக்கிறது. இருக்கட்டும்.

அவர்கள் வாதத்தைக் குறைக்காமல் வைத்துவிடுகிறேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அளந்து அளந்து செலவழித்த டேட்டா அளவில்லாமல் கிடைக்கத் தொடங்கியது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவில் கடை திறந்தது. கேட்க நினைத்த பாட்டு நினைத்த நொடியில் வருகிறது. அறிவிப்பாளர் எப்போது போடுவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் ரேடியோப் பெட்டி வாங்குவதில்லை. கையிலுள்ள போனில் பெரும்பாலும் எஃப்எம் வசதி இருப்பதில்லை. இருந்தாலும் வயர் வைத்த இயர்போனைச் செருகினால்தான் எடுக்கும். 2020 கோவிட் ஆண்டில் வானொலிகளின் விளம்பர வருவாய் பாதிக்கும் கீழே போயிற்று. அதன்பின் பழைய உயரத்துக்கு ஏறவில்லை. விளம்பரம் தருகிறவர் ‘எத்தனை பேர் கேட்டார்கள்’ என்று கேட்டால் இணையம் எண்ணிக்கை காட்டுகிறது, வானொலி கையைப் பிசைகிறது. ஆகவே நேயர் எங்கே போனாரோ அங்கே நிலையமும் போவதுதான் புத்திசாலித்தனம்.

இதில் வரும் தகவல்கள் சரி. தகவலிலிருந்து முடிவுக்குத் தாவும்போதுதான் கால் இடறுகிறது.

1. இணையத்தில் பாட்டுப் போட உங்களுக்கு உரிமை இருக்கிறதா? ஆலோசகர்கள் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதில்லை; தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எஃப்எம் நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்ப இசை நிறுவனத்தின் வாசலில் போய் நிற்க வேண்டாம். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் சட்டமே உரிமம் கொடுக்க வழிசெய்திருக்கிறது. முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், நிர்ணயித்த கட்டணத்தைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ‘என் பாட்டைப் போடாதே’ என்று இசை நிறுவனம் தடுக்க முடியாது. இது சும்மா கிடைத்த சலுகையும் அல்ல. தனியார் வானொலி தொடங்கிய நாளிலிருந்து ராயல்டி வழக்குகள் நடந்தன. 2010இல் பதிப்புரிமை வாரியம் நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதம் என்று விகிதம் வைத்தபோதுதான் பல நிலையங்களால் கணக்குப் புத்தகத்தை அச்சமில்லாமல் திறக்க முடிந்தது.

இந்தப் பாதுகாப்பு ஒலிபரப்புக் கோபுரத்தோடு முடிந்துவிடுகிறது. இணைய ஒலிபரப்பும் 31டிக்குள் அடங்கும் என்று 2016இல் மத்தியத் தொழில் கொள்கைத் துறை ஒரு குறிப்பாணை வெளியிட்டது. ஏர்டெல்லின் விங்க் செயலி அந்த நிழலில் ஒதுங்கப் பார்த்தது. டிப்ஸ் இசை நிறுவனம் வழக்குப் போட்டது. 31டி வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டும்தான், இணையத்துக்கு நீளாது என்று 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது. ஒரு பாட்டு கோபுரத்திலிருந்து கிளம்பினால் சட்டப்படி நிர்ணயித்த விலை. அதே பாட்டு அதே நொடியில் செயலி வழியே கிளம்பினால் இசை நிறுவனம் கேட்கிற விலை. கேட்கிற விலையைக் குறைக்கச் சொல்ல ஸ்பாட்டிஃபைக்கு உலகளாவிய பலம் இருக்கிறது. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் இருக்கிற நிலையத்துக்கு என்ன பலம் இருக்கிறது? இணையத்தில் போய்ப் பாட்டால் போட்டி போடு என்பவர், கையிலிருக்கும் ஒரே கேடயத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போருக்குப் போ என்கிறார்.

2. கூட்டம் சேர்ந்தால் லாபம் என்று யார் சொன்னது? ஒலிபரப்பில் அது உண்மை. கோபுரம் இழுக்கும் மின்சாரம் ஒருவர் கேட்டாலும் ஒன்றுதான், பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒன்றுதான். புதிதாக வரும் ஒவ்வொரு நேயரும் நிலையத்துக்கு இலவசம். ஸ்ட்ரீமிங்கில் இது தலைகீழ். ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி இணைப்பு, அதற்குத் தனி சர்வர் செலவு, அதன்மேல் இசை நிறுவனங்கள் முன்கூட்டியே கேட்கும் உத்தரவாதத் தொகை. நேயர் பெருகப் பெருகச் செலவும் பெருகுகிறது. 2008இல் சேவையைத் தொடங்கிய ஸ்பாட்டிஃபை, முழு ஆண்டு லாபம் பார்த்தது 2024இல்தான். பதினாறு ஆண்டு நஷ்டத்தைத் தாங்க அதற்கு முதலீட்டாளர்கள் இருந்தார்கள். ஈரோட்டு நிலையம் எத்தனை மாதம் தாங்கும்?

3. போட்டி போட்டுப் பார்த்தவர்களின் கதை தெரியாதா? தெரிந்தும் பேசுவதில்லை. கானா செயலி 2010இல் டைம்ஸ் குழுமத்தால் தொடங்கப்பட்டது. அந்தக் குழுமத்துக்கே மிர்ச்சி வானொலியும் உண்டு, பத்திரிகைகளும் உண்டு. 2018இல் சீனத்தின் டென்சென்ட் தலைமையில் 11.5 கோடி டாலர் முதலீடு வந்தது. இலவசமாகக் கேட்ட கூட்டம் பெருங்கூட்டம். 2022இல் இலவச சேவையை நிறுத்தி, கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் என்று மாற்றினார்கள். 2023 டிசம்பரில் மிர்ச்சியை நடத்தும் நிறுவனம் கானாவை வாங்கிக்கொண்டது. விலை 25 லட்சம் ரூபாய். சென்னையில் ஒரு சுமாரான ஃபிளாட்டுக்குக்கூட அந்தப் பணம் போதாது. டிக்டாக்கின் தாய் நிறுவனம் நடத்திய ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவில் மூடப்பட்டது. கோடிக்கணக்கான சிம் கார்டுகளைப் பின்னால் வைத்திருந்த ஏர்டெல், அதே விங்க் செயலியை 2024இல் மூடுவதாக அறிவித்தது. தொலைத்தொடர்பு நிறுவனமும் சீனப் பணமும் நிற்க முடியாத களத்தில், பகலுக்கு மூன்று ஆர்ஜே வைத்திருக்கிற நிலையத்தை இறக்கிவிடுவது யோசனையா, பழிவாங்கலா?

4. நேயர் போய்விட்டார் என்று எண்ணியது யார்? இந்தியாவில் வானொலி நேயர்களைத் தொடர்ந்து எண்ணிய ‘ராம்’ கணக்கெடுப்பு டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களோடு நின்றது. சென்னை அதில் இல்லை. மதுரையும் கோவையும் பேச்சுக்கே இல்லை. வாசகர் கணக்கெடுப்பில் வானொலிக்கும் சில கேள்விகள் இருந்தன. கோவிட்டுக்குப் பிறகு அதுவும் நின்றது. ஆகத் தமிழ்நாட்டில் எஃப்எம் நேயர் குறைந்தார் என்று சொல்கிறவர், தன் வீட்டுப் பிள்ளையையும் அலுவலக நண்பர்களையும் பார்த்துச் சொல்கிறார். அவர் பார்க்கும் வட்டத்தில் தையல்கடை இல்லை, ஆட்டோ ஸ்டாண்டு இல்லை, இரண்டு கையும் வேலையில் இருப்பதால் போனைத் தொட்டுப் பாட்டு மாற்ற முடியாத பட்டறை இல்லை. எண்ணப்படாதவர்களை இல்லாதவர்களாகக் கருதும் பழக்கம் விளம்பரத் தொழிலுக்குப் புதிதும் அல்ல.

எண்ணிப் பார்த்த நாட்டில் என்ன நடந்தது என்றும் சொல்லிவிடலாம். சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம், மக்கள் டிஜிட்டலுக்கு வந்துவிட்டார்கள் என்று நம்பி 2024 டிசம்பர் 31 அன்று எஃப்எம்மை அணைத்தது. நேயர் எண்ணிக்கை சரிந்தது. நார்வேயும் 2017இல் தேசிய நிலையங்களின் எஃப்எம்மை நிறுத்தியது. ஆனால் உள்ளூர் நிலையங்கள் எஃப்எம்மிலேயே தொடர விடப்பட்டன. அந்த விதிவிலக்கைச் செய்தவர்களுக்கு உள்ளூர் என்றால் என்ன என்பது புரிந்திருந்தது.

5. வானொலியின் சரக்கு பாட்டா? இதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தவறு. தமிழ் நேயருக்கு இதில் எழுபது ஆண்டு அனுபவம் உண்டு என்பதால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தரக்குறைவு என்று கருதி அகில இந்திய வானொலியிலிருந்து ஓரங்கட்டினார். நாடு இலங்கை வானொலிக்குத் திரும்பியது. தமிழ்நாடும் திரும்பியது. அப்போது இழுத்தது பாட்டுதான்; அதை மறுக்கவில்லை. ஆனால் 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித பாரதி தொடங்கி, திரைப்பாட்டு நம் வானொலிக்கே திரும்பி வந்தது. பாட்டுக்காக மட்டும் போனவர்கள் என்றால் அன்றே வீடு திரும்பியிருக்க வேண்டும். திரும்பினார்களா? அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தென் மாவட்டங்களில் காலைப் பொழுது இலங்கை வானொலியோடுதான் விடிந்தது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர்களின் பெயரை இன்றும் அறுபது வயதுக்காரர்கள் சொந்தக்காரர் பெயர் மாதிரிச் சொல்கிறார்கள். அலை தெளிவாக எட்டியது ஒரு காரணம்தான். ஆனால் அதே இசைத்தட்டு இரண்டு இடத்திலும் சுழன்றபோது, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் பேசியவர்தான் நேயரைக் கட்டிப்போட்டார். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னாளில் தொலைக்காட்சிக்கும் வந்து ஓடியது. அதில் பாட்டைப் பாடியவர்கள் நேயர்கள்.

தனியார் எஃப்எம் காலத்துக்கும் இது பொருந்தும். மிர்ச்சி சிவா, மிர்ச்சி செந்தில், ஆர்.ஜே.பாலாஜி என்று நிலையமும் தொழிலும் பெயரோடு ஒட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனவர்களைப் பாருங்கள். எந்த நிலையத்தில் எந்தப் பாட்டுப் போட்டார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. யார் பேசினார் என்பது நினைவிருக்கிறது. இது நிலைய முதலாளிகளுக்குப் புரிந்திருந்தால் அந்தக் குரல்களைப் போகவிட்டிருக்க மாட்டார்கள். போனபின் அடுத்த குரலை வளர்க்காமல் ‘தொடர்ந்து பத்துப் பாட்டு, பேச்சே இல்லை’ என்று பெருமையடித்திருக்கவும் மாட்டார்கள். பேச்சில்லாத பாட்டு வேண்டும் என்றால் செயலி போதுமே. நேயரைச் செயலிக்கு அனுப்பிவைத்த விளம்பரத்தை வானொலியே தன் காசில் செய்தது.

எதிராளியோ நேர் எதிர்த் திசையில் வருகிறார். 10 கோடிக்கு மேல் பாட்டு வைத்திருக்கும் ஸ்பாட்டிஃபை 2023இல் ‘டிஜே’ என்று ஒரு வசதியைக் கொண்டுவந்தது: பாட்டுக்கு நடுவே செயற்கை நுண்ணறிவுக் குரல் ஒன்று பேசும். அத்தனை பாட்டு இருந்தும் நடுவில் ஆள் இல்லை என்ற குறை அவர்களுக்கே தெரிந்துவிட்டது. நம் நிலையங்களோ இருக்கிற ஆளை அனுப்பிவிட்டுப் பிளேலிஸ்ட் தயாரிக்கப் போகின்றன.

6. டொரன்டோவில் கேட்கும் தமிழருக்கு மதுரை ஜவுளிக்கடை என்ன விற்கும்? இணையத்தில் போனால் உலகத் தமிழர் எல்லோரும் நேயர் என்பது ஆலோசகர்களுக்குப் பிடித்த சொற்பொழிவு. கேட்பார்கள், உண்மை. ஊர்க் குரல் கேட்டுக் கண் கலங்குவார்கள், அதுவும் உண்மை. ஆனால் உள்ளூர் நிலையத்தின் வருமானம் நகைக்கடை, ஜவுளிக்கடை, தனியார் பள்ளி, மருத்துவமனை, ஆடித் தள்ளுபடி என்று பத்துக் கிலோமீட்டர் வட்டத்தில் இருக்கிறது. அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் நேயர் நிலையத்துக்குச் செலவு வைப்பார், வருமானம் தர மாட்டார். சிங்கப்பூரில் ஒலி 968, மலேசியாவில் ராகா என்று வெளியூர்த் தமிழருக்குச் சொந்த நிலையங்கள் இருக்கின்றன. அவை அந்தந்த ஊர்ச் சாலை நெரிசலையும் அந்தந்த ஊர்ப் பேச்சையும் வைத்துத்தான் நிற்கின்றன.

7. சரி, பின்னே ஏன் நிலையங்கள் நலிந்தன? ஸ்பாட்டிஃபை வருவதற்கு முன்பே தொடங்கிய நோய் இது. ஒரு பகுதி அரசு கொடுத்தது, பெரும்பகுதி தாமே வரவழைத்துக்கொண்டது.

அரசின் பங்கு ஊரறிந்தது. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அஞ்சல் செய்யலாம் என்பதே 2019இல் கிடைத்த தாராளம். தொலைக்காட்சி நாளெல்லாம் கத்தலாம், யூடியூபில் யார் வேண்டுமானாலும் எதையும் செய்தி என்று சொல்லலாம், உரிமம் வாங்கிக் கட்டணம் கட்டி நடத்தும் வானொலி மட்டும் பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்லக் கூடாது. மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. போனில் எஃப்எம் வசதியை முடக்காமல் வைக்க வேண்டும் என்றும் சொன்னது. நிலைய முதலாளிகள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுக்க வேண்டியது இந்த இரண்டுக்கும்.

ஆனால் செய்தித் தடையைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர் விநியோகம், திருவிழா, இயற்கைச் சீற்றம் குறித்த உள்ளூர் நிர்வாகத்தின் அறிவிப்புகள் இவையெல்லாம் செய்தி ஆகாது, தாராளமாகச் சொல்லலாம் என்று தனியார் எஃப்எம்முக்கான 2011இன் மூன்றாம் கட்டக் கொள்கையே அனுமதித்தது. பத்து ஆண்டுக்கு மேலாயிற்று. உங்கள் ஊர் நிலையத்தில் நாளைக்கு எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது என்று கேட்டதுண்டா? அதே கொள்கை இன்னொன்றையும் அனுமதித்தது: ஒரு நிறுவனம் தன் நிலையங்களையெல்லாம் கோத்து ஒரே நிகழ்ச்சியை எல்லா ஊரிலும் ஒலிபரப்பலாம். முதல் சலுகையை மறந்தார்கள், இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே இடத்தில் செய்த நிகழ்ச்சி திருச்சியிலும் சேலத்திலும் புதுச்சேரியிலும் ஓடினால் சம்பளம் மிச்சம். நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் நிலையத்திலிருந்து வெளியேறியது இந்த மிச்சத்தில்தான். உள்ளூர்த்தன்மையை வெட்டி எறிந்துவிட்டு மிஞ்சிய பாட்டை வைத்துக்கொண்டு, பாட்டில் ஸ்பாட்டிஃபை முந்திவிட்டது என்று புலம்புவதில் என்ன நியாயம்?

உள்ளூராக இருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு 2015 டிசம்பர் வெள்ளம் சாட்சி. சென்னையில் கரண்ட் போயிற்று, செல்போன் கோபுரங்கள் படுத்தன. பல நிலையங்கள் வழக்கமான நிகழ்ச்சியை விட்டுவிட்டு எந்தத் தெருவில் தண்ணீர், எங்கே படகு, எங்கே சாப்பாடு என்று படித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு இணையம் அறுந்த வீடுகளுக்கு எந்தச் செயலியும் உதவவில்லை. சின்ன அளவில் இதை அன்றாடம் செய்கிற நிலையமும் இருக்கிறது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய சமுதாய வானொலி ‘கடல் ஓசை’ 90.4, மீனவருக்குக் காற்றையும் அலையையும் சொல்கிறது, பாட்டும் போடுகிறது. அதன் நேயரை ஸ்பாட்டிஃபையால் பறிக்க முடியுமா? எந்தப் பாட்டைக் கொடுத்துப் பறிக்கும்?

இனி வழக்கமான கடைசி அம்பு வரும்: ‘அப்படியானால் இணையமே வேண்டாமா?’ வேண்டும். பாட்டை விட்டுவிட்டு வரட்டும். ஊர்ப் பெரியவரின் பேட்டி, சந்தை நிலவரம், நேயரோடு நடந்த வாக்குவாதம், ஆர்ஜேயின் நையாண்டி இவற்றுக்கு எந்த இசை நிறுவனத்திடமும் அனுமதி கேட்க வேண்டாம். உரிமை முழுதும் நிலையத்தினுடையது, ஒருமுறை பதிந்தால் காலத்துக்கும் கிடக்கும். அதை யூடியூபில் ஏற்றலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் அதற்கு முதலில் அப்படியொரு பேச்சு நிலையத்தில் நடந்திருக்க வேண்டும். நடிகரைக் கூட்டிவந்து படம் வெளியாகும் வாரத்தில் சிரிக்க வைக்கும் காணொளியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. மொத்த அடிப்படை விலை 784.87 கோடி ரூபாய். ஆண்டுக் கட்டணம் மொத்த வருவாயில் 4 சதவீதம். தமிழ்நாட்டுப் பட்டியலில் திண்டுக்கல், கரூர், தஞ்சாவூர், ராஜபாளையம் போன்ற ஊர்கள் இருக்கின்றன. அங்கே நிலையம் எடுக்க நினைப்பவரிடமும் அதே ஆலோசகர்கள் அதே அறிக்கையோடு போவார்கள்: ஆள் வேண்டாம், செயலி செய்யுங்கள், பாட்டை வெளியூரிலிருந்து ஓட்டுங்கள். கையெழுத்துப் போடுமுன் அவர்களிடம் ஒன்று கேட்கச் சொல்வேன். கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் காலை எட்டு மணிக்கு ரேடியோவைத் திருப்புகிற தொழிலாளிக்கு, அந்தச் செயலி அன்றைக்கு என்ன சொல்லப்போகிறது?